அடைத்த ஓட்டை

— மணி எட்டரை ஆச்சு, ரெய்னேரியோ. பதினோரு மணிக்குள்ள எவெலியோவை சாந்தா கிளாரா ஆஸ்பத்திரியில சேர்க்கணும். செவ்வாய்க்கிழமை பாதி வழியில வண்டி நின்னு டயாலிசிஸ் விட்டுப்போச்சு. அவர் முகத்தைப் பாரு, எப்படி ஊதிக் கிடக்குன்னு. இன்னைக்கும் போகலன்னா அவ்வளவுதான்.

— நீ தலைமாட்டுல நின்னு மணி சொன்னா போல்ட்டு பயந்து கழண்டுடுமா, இடால்மிஸ்? தள்ளு, வெளிச்சத்தை மறைக்காத.

— ஆம்புலன்ஸுக்கு டீசல் இல்லையாம். போன் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன்.

— அவனை விரட்டாத இடால்மிஸ். வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற நோயாளி நான். எனக்கே அவசரமில்ல.

— நீ வாயை மூடு, எவெலியோ, என்னை வேலை பார்க்க விடு. அட கருமமே!

— என்னாச்சு ரெய்னேரியோ?

— தண்ணி பம்பைக் கழட்டிட்டேன். இந்தா, தண்டைத் திருகிப் பாரு. அசையுதா? பேரிங் துருவேறி மண்ணாப் போச்சு. அடியில இந்தச் சின்ன ஓட்டை தெரியுதா? உள்ளே சீல் தேஞ்சா தண்ணி இது வழியாத்தான் சொட்டும். சொட்டுறதைப் பார்த்ததும் பம்பை மாத்திடணும். எவனோ ஒரு புண்ணியவான் குச்சி சீவி அடிச்சு, மேல சோப்பையும் பூசி அடைச்சு வச்சிருக்கான். வெளியே போக வழியில்லாம தண்ணி முழுக்க பேரிங்குக்குள்ள இறங்கிருக்கு. யார் கை வச்சது இதுல?

— எனக்கென்ன தெரியும்? வேற பம்பு இருக்கா இல்லையா, அதைச் சொல்லு.

— இருக்கு. வண்டி சூடாகி நின்னுச்சுன்னு நீ சொன்னதுமே, என் மாஸ்க்விச் கார்ல இருந்து காலையிலயே கழட்டி வச்சிட்டேன். ரெண்டும் ஒரே மாடல்தானே.

— உன் வண்டியில இருந்தா?

— வருஷக்கணக்கா கட்டை மேல நிக்கிற வண்டிக்கு பம்பு எதுக்கு? உங்க ரெண்டு பேர் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்னு பேர் மட்டும் இருந்தா போதுமா? போ, பக்கத்து வீட்டுத் தொட்டியில ரெண்டு வாளி மழைத்தண்ணி கேட்டு வாங்கிட்டு வா. குழாய்த்தண்ணி வேண்டாம், ஒரே சுண்ணாம்பு. அதுக்குள்ள செருப்புப் பெட்டி அட்டையில கேஸ்கட் வெட்டிடறேன்.

— இதோ வந்துடறேன். எவெலியோ, வெயில் படாம உக்காரு.

— போயிட்டாளா, ரெய்னேரியோ?

— போயிட்டா. இப்ப இந்தக் குச்சியைப் பாரு. கொய்யாக் குச்சி. நுனியை நாலு பட்டையா சீவியிருக்கு. பஸ் டிப்போவுல இருபத்தாறு வருஷம் உன் பக்கத்துல நின்னவன் நான். உன் கைவேலை எனக்குத் தெரியாதா?

— தெரியும். அதான் இவ உன்கிட்ட வண்டியைக் கொண்டுவரணும்னு சொன்னப்போ வேண்டாம்னேன்.

— பைத்தியமாடா உனக்கு? இந்த ஓட்டையை அடைச்சா என்ன ஆகும்னு புது ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதானே!

— என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் அடைச்சேன்.

— எவெலியோ...

— மெதுவாப் பேசு. வாரம் மூணு தடவை என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறா. அதுக்கு பெட்ரோல் வரிசையில ரெண்டு நாள். மிச்ச நேரம் என் துணி, என் கஞ்சி, என் மூத்திர பாட்டில். போன மாசம் ஸ்டீயரிங்லயே தூங்கிட்டா, ரெய்னேரியோ. எதிர்ல மாட்டு வண்டி. நான் போட்ட சத்தத்துலதான் முழிச்சா. என்னைப் பொழைக்க வைக்கிறேன்னு அவ சாகப்போறா.

— அதை அவகிட்ட வாய் விட்டுச் சொல்றதுதானே?

— சொன்னா விடுவாளா? முதுகுல தூக்கிட்டாவது போவா. நான் அடம்பிடிச்சு வீட்டுல செத்தேன்னு வை, நாம விட்டுட்டோமேன்னு காலம் பூரா அழுவா. வண்டி செத்துப்போச்சுன்னா யார் மேலயும் பழி இல்ல. அதான் கணக்கு.

— நல்ல கணக்குடா! வெட்கமா இல்ல உனக்கு?

— இருக்கு. பயமாவும் இருக்கு. ஆனா முடியலடா. நீ கொண்டுவந்த பம்பும் விரிசல் விட்டிருக்குன்னு அவகிட்ட சொல்லு. ஒரே ஒரு பொய். உன்கிட்ட வேற எதுவும் கேட்கமாட்டேன்.

— என் வண்டியில இருந்து என் கையால கழட்டினேன். அதே கையால உன்னைக் கொல்லச் சொல்றியா?

— ஷ்ஷ். வாளிச் சத்தம். வர்றா.

— இந்தா ரெய்னேரியோ, மழைத்தண்ணி. என்ன ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க? இன்னும் மாட்டலையா?

— இடால்மிஸ்... இங்க பாரு. இந்தப் பம்பு... உள்ளே ஒரு விரிசல்...

— எங்க, காட்டு.

— அது... வெளியே தெரியாது.

— உனக்குப் பொய் சொல்ல வரல. அவர் சொல்லச் சொன்னாரா?

— இடால்மிஸ், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...

— நீ பேசாத, எவெலியோ. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பார்த்தேன். நிக்கக்கூட முடியாம பானெட்டைப் பிடிச்சுக்கிட்டு நீ அந்தக் குச்சியை அடிச்சுக்கிட்டிருந்த. டிப்போ மெக்கானிக் பொண்டாட்டிக்கு அது என்ன ஓட்டைன்னு தெரியாதா? அதுக்கப்புறம் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தப் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணுல பட்டுச்சு. ரெண்டு விரலால பிடுங்கியிருக்கலாம், ரெய்னேரியோ. பிடுங்கல. பானெட்டை மூடிட்டுப் போனேன். சீக்கிரம் மாட்டு, எனக்கு மறுபடியும் மனசு மாறுறதுக்குள்ள.