தையல் ஹாலில் பாட்டு

"சோகப் பாட்டு போடச் சொன்னா மேனேஜரு முறைக்கிறாருடி."

ஆம்பூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனியில் தைக்கிற இரண்டு பெண்கள். சொன்னவள் மூத்தவள்.

"நம்ம சந்தோஷத்துக்குத்தானக்கா ஸ்பீக்கர் வெச்சாங்க?"

"இன்னா சந்தோஷம்? டேப்புல டப்பாங்குத்தாவே போட்றாரு. கால் பாட்டோட வேகத்துக்கே மிஷின மிதிக்குது. ஷூ ஜோடி ஜாஸ்தியாவுது, அவருக்குத்தான் சந்தோஷம். நேத்து சரோஜா விரல்ல ஊசி ஏறிச்சு. மிஷின நிறுத்துனாங்க, பாட்ட நிறுத்தல."

"அப்ப பாட்டே வேணாம்னு சொல்லிடலாமே?"

"சொன்னேன். உங்களுக்கு நல்லது செஞ்சாலும் பேஜாருதான்னு கத்துறாரு."

இளையவள் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, கால நிறுத்து."

"நான் எங்கடி மிதிக்கிறேன்?" என்றாள் மூத்தவள், பஸ்ஸின் தரையை மிதித்துக்கொண்டே.