கழுத்து வரை கவசம்

சிரித்துக்கொண்டே எழுதினால் என் கையெழுத்து கோணிக்கொள்ளும். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன், ஆய்வாளர் அவர்களே. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். தேநீர் வேண்டுமா என்றும் கேட்டீர்கள். சந்தோஷம். எழுதுவதற்கு என்று ஒருவர் நாற்காலி போட்டு உட்காரவைப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

நான் வேலை பார்ப்பது கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். நாற்பது பேர் உட்காரும் ஒரே நீளமான அறை. விளையாடுகிறவர்கள் அனுப்பும் கடிதங்களைப் படித்து, முக்கியமானவற்றைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பது என் பொறுப்பு. பதினோரு வருடமாக வாசிக்கிறேன். முதல் பத்து வருடம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் வாய் திறக்கும்போதுதான் நாற்காலியை இழுப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள்.

பத்தாவது வருடம் கொல்லர் வந்து சேர்ந்தாள். கொல்லர் என்பது பட்டப்பெயர். ஆயுதமும் கவசமும் வரைகிற பெண், இருபத்தேழு வயது, சிரித்தால் மூன்று மேஜை தள்ளி இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். அவளுக்கு என் பக்கத்து மேஜை. முதல் கூட்டம் முடிந்ததும், "அக்கா, நீங்க வாசிக்கிறப்ப யாருமே கேக்கலையே, உங்களுக்குக் கோபம் வராதா?" என்றாள். கோபப்படலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் சொந்தத் தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனபிறகு என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு ஒரு பனி ராஜ்யத்தைப் பற்றியது. அதில் ஒரு படைத்தலைவி. அவளுடைய தளபதிகள் மூன்று பேரும் ஆண்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை இரும்பு, அதற்கு மேல் கரடித்தோல். படைத்தலைவிக்கு மட்டும் இரண்டு கிண்ணங்களும் ஓர் இடுப்புப் பட்டையும். மீதிக்குக் காற்று. வரைந்தவர் எங்கள் ஓவியத் தலைவர்; விளையாட்டு வருவதற்கு முன்பே படத்தை விளம்பரமாக வெளியிட்டிருந்தோம். தப்பான மனுஷர் இல்லை. இரண்டு பெண்களுக்கு அப்பா. இருபது வருடமாக எல்லா ராணிகளையும் இப்படித்தான் வரைந்துவந்தார். யாரும் கேட்காததால் அதுதான் ராணிகளின் சீருடை என்று நினைத்துவிட்டார்.

கொல்லர் கேட்டாள். "சார், பனியில நடக்கிறவளுக்கு வயிறு குளிராதா?"

"இது கற்பனை உலகம்மா. டிராகன் பறக்கிறத நம்புறீங்க, அவளுக்குக் குளிராதுன்னு நம்ப மாட்டீங்களா?"

"அந்த டிராகனுக்கே தலையிலேருந்து வால் வரைக்கும் செதில் போட்டிருக்கீங்களே சார்."

அறை கொல்லென்று சிரித்தது. ஓவியத் தலைவரும் சேர்ந்துதான் சிரித்தார். முதலாளி மட்டும் சிரிக்காமல், ஆட்டக்காரர்களுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் நமக்கு வேதம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, கடிதங்களில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நாற்பது முகங்களும் என்னைப் பார்த்தன. பத்து வருடத்தில் ஒரு நாற்காலியும் நகராத முதல் நிமிடம் அது.

உண்மையைச் சொன்னால், அந்த வாரம் படைத்தலைவியைப் பற்றி நாலே கடிதங்கள் வந்திருந்தன. மூன்று பேர் விளையாட்டு எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். நாலாவது, உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் எழுதியது. தசை தெரிய நிமிர்ந்து நிற்கும் வீராங்கனையைத் தனக்குப் பிடித்திருக்கிறது, அவள் உடம்பைப் பார்த்து அவளுக்காக நாம் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பலரும் மனம் புண்பட்டு எழுதியிருக்கிறார்கள், அடுத்த வாரம் வாசிக்கிறேன் என்றேன்.

பக்கத்திலிருந்து கொல்லர் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடந்ததாக ஞாபகம் இல்லை.

எழுதினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். முதலில் ஒரு செவிலி. வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு விளையாடுகிறவள். அப்புறம் ஒரு பஸ் கண்டக்டர். ஒன்பது வயது மகளோடு விளையாடுகிறவர், 'இந்த அக்காவுக்கு மட்டும் ஏம்ப்பா சட்டை இல்ல' என்று மகள் கேட்டதற்குப் பதில் தெரியாமல் விழிப்பவர். பிறகு என் செல்லப்பிள்ளை, ஓய்வுபெற்ற பட்டறை ஆசிரியர். அவருக்கு எழுபத்திரண்டு வயது வைத்தேன். கிண்ணங்களுக்கு நடுவே உள்ள பள்ளம் எதிரியின் வாள்முனையை நேராக நெஞ்செலும்புக்கு வழிநடத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு கடிதத்தையும் 'இரும்புடனும் அன்புடனும்' என்று முடித்தார். திங்கட்கிழமைகளில் என் முறை எப்போது வரும் என்று எல்லாரும் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவர் எழுத்தைக் கேட்க அறைக் கோடியிலிருந்து கணினிக்காரர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

வினை அதில்தான் வந்தது. ஓவியத் தலைவருக்கு அவர்மேல் பாசம் விழுந்துவிட்டது. எதிர்க்கருத்து என்றாலும் இப்படிப்பட்ட மனுஷரை நேரில் பார்க்க வேண்டும், அழைத்து வாருங்கள், நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று தினமும் என் மேஜையில் வந்து நின்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவருடைய மருமகள் எழுதிய கடிதத்தை வாசித்தேன். மாமா தூக்கத்திலேயே போய்விட்டதாகவும், தலைமாட்டில் எங்கள் படைத்தலைவியின் படம் இருந்ததாகவும், அதில் வயிற்றுப்பகுதியில் பென்சிலால் ஒரு தகடு வரைந்திருந்ததாகவும் எழுதியிருந்தாள்.

நாற்பது பேரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். ஓவியத் தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். முதலாளி தொண்டையைச் செருமி, அவருக்காகவாவது அந்தத் தகட்டை வைத்துவிடலாம் என்றார். நான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் அழுகையை அடக்குகிறேன் என்று கொல்லர் நினைத்து என் தோளில் கை போட்டாள். "ஒரு தடவ நேர்ல பாத்திருக்கலாம் அக்கா" என்று விசும்பினாள். இதுவரை நடந்ததில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் முதலாளி தகட்டோடு நின்றுவிட்டார். வயிறு மூடியாயிற்று, மற்றது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அன்று சாயங்காலம் படிக்கட்டில் இறங்கும்போது கொல்லர் சொன்னாள்: "போதும் அக்கா. வேற ஒரு இடத்துல கூப்பிடுறாங்க. அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கேன்."

நல்ல செய்திதானே என்றேன். மறுநாள் மதியம் முதல் மிரட்டல் கடிதத்தை எழுதினேன்.

அதற்குக் காரணம் எளிமையானது. எதிர்த்தரப்பு எப்படிப்பட்டது என்று முதலாளிக்குத் தெரிந்தால் அவர் நம் பக்கம் சாய்வார். ஆனால் நிஜமான எதிர்த்தரப்பினர் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு மரியாதையாக எழுதினார்கள். ஒருவர் 'மாற்றுக் கருத்துக்கு மன்னிக்கவும்' என்று முடித்திருந்தார். மன்னிப்புக் கேட்கும் எதிரியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வது. அவர்கள் செய்யாமல் விட்டதை அவர்கள் சார்பில் நான் செய்தேன்.

சின்ன அட்டைகளில் அச்சடித்துக் கொல்லர் பெயருக்குத் தபாலில் போட்டேன். கவசத்தில் கை வைத்தால் கையே இருக்காது என்று ஆரம்பித்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெருகேறியது. அவள் வீட்டுக் கதவு நீலம் என்று நாலாவதில். அவள் ஏறும் பேருந்தின் எண் ஆறாவதில். ஒவ்வொன்றையும் அவள் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். குரல் நடுங்கப் படிப்பாள். எனக்கு என் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்பது பழக்கமில்லை. எந்த இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று கவனித்துக்கொள்வேன். தினமும் சாயங்காலம் அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். வேற இடத்துக்குப் போகிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. புது ஊர், புது முகங்கள் என்றால் யாரை நம்புவது என்றாள்.

பன்னிரண்டாவது அட்டையில் அவளுடைய அம்மா வந்தார். அம்மாவும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில். நாலே கால் மணிக்கு உன் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள் என்று எழுதினேன். அது வெறும் நேரம். நேரத்தை எழுதுவது மிரட்டலாகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து நாலே காலுக்கு யாரோ மணியடித்திருக்கிறார்கள், பார்சல் கொண்டுவந்தவன். அம்மா தாழ்ப்பாளைப் போட ஓடி, தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துபோனது. பார்சலை நான் அனுப்பவில்லை. விசாரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான். பிறகு ஓவியத் தலைவர் வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டார். அப்புறம் சொன்னார்: "கழுத்து வரைக்கும் மூடிடுவோம்மா. நானே வரையுறேன், நீ பக்கத்துல உக்காந்து சொல்லு. எம்பொண்ணுங்களும் நாளைக்கு வேலைக்குப் போறவங்கதானே."

அப்படியாகப் படைத்தலைவிக்கு முழுக் கவசம் கிடைத்தது. பார்த்தீர்களென்றால் நீங்களும் மெச்சுவீர்கள். அவ்வளவு அழகு.

நீலக் கதவு வீட்டுக்குத் திரும்ப இருவருக்கும் பயம். என் தங்கையின் அறை காலியாகத்தான் இருந்தது. வாடகைக் காரில் அம்மாவைச் சாய்த்துப் படுக்கவைத்து, அவர் ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மூவரும் வந்து சேர்ந்தோம். அந்த ஏழு வாரத்தைப் பற்றித் தனியாக ஒரு தாள் எழுதலாம். குளியலறையில் மூன்று துண்டுகள். அடுப்படியில் மூன்று குரல்கள். அம்மா சீட்டாட்டத்தில் பச்சையாக ஏமாற்றுவார். கண்டுபிடித்தால், "இடுப்பு ஒடஞ்சவளுக்கு இதுகூட இல்லையா" என்பார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும். ஆபீசிலிருந்து ஓடி வருவேன். மாடிப்படி ஏறும்போதே உள்ளே பேச்சுக்குரல் கேட்கும். என் வீட்டுக்குள்ளிருந்து பேச்சுக்குரல்.

நடுநடுவே கொல்லர் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்து, பிடித்திருக்கிறது என்பாள். இரண்டு மூன்று நாளில் ஓர் அட்டை வரும். இப்போது என் முகவரிக்கே. நானும் அவளும் சேர்ந்துதான் தபால்பெட்டியைத் திறப்போம். அவள் பார்த்த புதுவீட்டுக்கு எத்தனை படிகள், எந்த ஜன்னலுக்குக் கம்பியில்லை என்று அதில் இருக்கும். அவளே சாப்பிடும்போது என்னிடம் சொன்னவைதான். அந்த வீட்டை விட்டுவிடுவாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போலீசில் கொடுப்பதற்காகப் பத்தொன்பது அட்டைகளையும் மேஜையில் பரப்பி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இவன் ஒரு ஒற்றுப்பிழைகூட விடலையே" என்றாள்.

படித்தவனாக இருப்பான் என்றேன்.

"படிச்சவங்க நம்ம ஆபீஸ்ல நாப்பது பேர் இருக்கோம். என் லீவு லெட்டருக்குக்கூட நீங்கதான் 'க்' போட்டுக் குடுத்தீங்க."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே அது காதில் விழுந்தது. முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டைகளைப் பார்த்தாள். நான் மறுக்கவில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்தத் துண்டை மடித்து முடித்தேன்.

அட்டைகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டாள். அம்மாவை எழுப்பி நிறுத்தி, நடைவண்டியைக் கையில் கொடுத்தாள். எங்கேடி என்று அம்மா கேட்டதற்கு, வாம்மா என்று மட்டும் சொன்னாள். மூன்று மாடி இறங்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தாங்கிப்பிடிக்க நான் இரண்டு படி இறங்கினேன். "வராதீங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பத்தொன்பதையும் நானே எழுதினேன், யாரும் தூண்டவில்லை, உடந்தை யாரும் இல்லை. எல்லாம் கவசத்துக்காக. ஒரு பெண்ணைப் பாதி உடம்போடு போருக்கு அனுப்பக் கூடாது என்று அவள் நினைத்தாள்; அந்த நினைப்பை நான் ஜெயிக்கவைத்தேன். இன்று அந்த விளையாட்டில் படைத்தலைவி பனியில் நடக்கும்போது யாரும் அவள் வயிற்றைப் பார்ப்பதில்லை, வாளைத்தான் பார்க்கிறார்கள்.

பேனாவைக் கொடுக்கும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். பன்னிரண்டாவதோடு கவசம் கிடைத்துவிட்டது, அதற்குப்பின் வந்த ஏழு அட்டைகளில் கவசம் என்ற சொல்லே இல்லையே, ஏன் என்று. எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், உள்ளங்கை அளவு அட்டைகள். இடம் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.