கார்னர் கொடியருகே என் நாற்காலி

உலகத்தில் எந்தக் கால்பந்து மைதானத்திலும், மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடி பதினான்கு கோல் அடித்தவன் நான் ஒருவன்தான். பந்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அதில் இரண்டு கோல் விழுந்தபோது என் வாயில் பிஸ்கட் இருந்தது.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. எங்கள் கிளப்பில் எனக்கு 'ஆகாசம்' என்று பெயர். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று சொல்வார்களே, அதில் பின்பாதியை எடுத்து ஆட்டக்காரர்கள் வைத்தது. முன்பாதியும் எனக்குப் பொருந்தும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் மூளை அவ்வளவுதான்.

தொழில் ஸ்டூடியோ. முப்பத்தெட்டு வருஷம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தேன். "முகவாயை இறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க." லட்சத்துக்கு மேல் முகம் பார்த்தாயிற்று. அதில் பார்க்கும்படியாக இருந்தவை ஏழு. அந்த ஏழில் மூன்று பேருக்கு அன்றைக்குப் பல்வலி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் கேமராவோடு மைதானத்துக்குப் போவேன். பெரிய லீக் எதிலும் எங்கள் அணி கிடையாது. கடைசிப் பிரிவு. அதற்குக் கீழே புல்தான். ஒருவன் வெல்டர், ஒருவன் மருந்துக்கடை, இரண்டு பேர் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்க இருநூறு பேர் வருவார்கள். நூறு பேருக்கு ஆட்டம் தெரியாது. மற்ற நூறு பேர் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். தொந்தரவு அவர்களால்தான்.

நானும் ரசிகன்தான். ஆனால் ஜெயிப்பதற்காகப் போனவனில்லை. ஜெயித்தவனிடம் படம் எடுக்க என்ன இருக்கிறது? வாயைப் பிளந்துகொண்டு ஓடுவான், தொண்டைக்குள் உள்நாக்கு தெரியும். தோற்றவனைப் பாருங்கள். ஒருவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவான், அது அவிழ்ந்தே இருக்காது. ஒருவன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பான். எங்கள் அணி ஒன்பது வருஷம் விடாமல் தோற்று எனக்குச் சோறு போட்டது. நூலகத்துக் கூடத்தில் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்தேன். பத்திரிகைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "உங்க கையில தோல்விக்கே ஒரு களை வந்துடுது சார்" என்றார். அவரும் ஒரு மூடர்தான். ஆனால் அன்றைக்குச் சரியாகச் சொன்னார்.

பத்தாவது வருஷம் அந்தக் கீப்பர் வந்தான்.

லேத் பட்டறையில் வேலை. நீளமான கை, பேச்சு குறைவு. அவன் நின்றால் கோலுக்குக் கதவு போட்ட மாதிரி. அணி ஜெயிக்க ஆரம்பித்தது. இரண்டு சீசன் முழுக்க என் ஃபிலிமில் உள்நாக்குத்தான். என்னிடம் அவனுக்கு மரியாதை அதிகம். "அண்ணே, அண்ணே" என்று என் மடக்கு நாற்காலியைத் தூக்கி வந்து போடுவான். அவன் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன், காசு வாங்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் பகை என்று எதுவும் இல்லை.

முதல் கோல் தற்செயல். கடைக்கு வருகிறவர்கள் தலை சீவ வைத்திருந்த கைக்கண்ணாடி என் பையில் இருந்தது. கார்னர் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் விழுந்த தூசியை அதில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணி கார்னர் அடித்தது. என் கை லேசாகத் திரும்பியது. அவ்வளவுதான். கீப்பர் முகத்தைத் திருப்பினான், பந்து அவன் தோளைத் தாண்டி உள்ளே போனது. அதற்குப் பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவன் பார்த்துக்கொண்டு நின்றானே, இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் படம் அது.

இரண்டாவதும் தற்செயல் என்று சொல்ல ஆசைதான்.

இதில் தொழில் நுணுக்கம் உண்டு. முக்காலியில் கேமராவைக் கீப்பர் மீது குறிவைத்துப் பூட்டிவிட வேண்டும். வலது கையில் ஷட்டரை அழுத்தும் நீளக் கம்பி. இடது கையில் கண்ணாடி. கார்னர் அடிக்கும்போது கீப்பர் கொடிப் பக்கம்தான் பார்ப்பான், அதாவது என் பக்கம். பந்து காலை விட்டுக் கிளம்பியதும் இருநூறு தலையும் அண்ணாந்து பந்தோடு போகும். ஒன்றரை விநாடிக்கு நான் அந்த மைதானத்தில் இல்லாதவன். ஒன்றரை விநாடி தாராளம்.

இதில் அழகு எதுவென்றால், இரண்டாம் பாதியில் எங்கள் கேப்டன் வேண்டுமென்றே மேற்குக் கோலை வாங்குவான். சூரியன் கீப்பருக்கு முதுகில் இருக்கும், கண் கூசாது என்று கணக்கு.

"வெயில் கண்ணுல அடிச்சுது கேப்டன்."

"டேய், வெயில் உன் முதுகுல இருக்குடா. முதுகுலயா கண்ணு வச்சிருக்கே?"

அப்படித்தான் அவனுக்கு 'வெயிலு' என்று பெயர் வந்தது. வைத்தவன் நான். அடுத்த வாரத்துக்குள் இருநூறு பேரும் அதைத் தாங்களே கண்டுபிடித்த மாதிரி கத்தினார்கள். "ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல், இவனுக்குச் சூரியனே கோணல்" என்று ஒரு தாத்தா ஒவ்வொரு கார்னருக்கும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் கண் டாக்டரிடம் போனான். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அதற்குப் பிறகு அவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நோய்கூட இல்லை.

நான் வரம்பு மீறவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் போட்டதே கிடையாது. மேகம் இருந்தால் நான் விடுப்பு.

பதினான்காவது கோல் சீசனின் கடைசி ஆட்டத்தில். ஒரு பெரிய ஆலையின் அணியிலிருந்து அவனைப் பார்க்க ஆள் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் என் நாற்காலியைப் போட்டுவிட்டு அவன் சொன்னான்:

"அண்ணே, எடுத்துக்கிட்டாங்கன்னா ஆலையில வேலையும் சேர்த்துக் குடுப்பாங்களாம். வீட்டுல அவ மாசமா இருக்கா. இன்னிக்கு என்னை நல்லா ஒரு படம் எடுத்துடுங்கண்ணே."

"நீ கவலைப்படாம நில்லு தம்பி. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருந்தது, கோல் எதுவும் விழவில்லை, எதிரணிக்குக் கார்னர். அவன் பந்துக்குத் தாவிய நேரத்தில் வெளிச்சத்தை அவன் கண்ணில் வைத்தேன். காற்றில் இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தில் போய் மோதினான். தோளில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பந்து வலைக்குள், அவனும் வலைக்குள், ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவர் விசில் ஊதிக் கோல் என்று கை காட்டினார். மற்றவர்கள் அவனிடம் ஓடிவருவதற்குள் நான்கு படம் எடுத்தேன். கூட்டம் கூடிவிட்டால் பிறகு முதுகுதான் கிடைக்கும்.

அந்தக் கை அதற்குப் பிறகு காதுக்கு மேல் உயரவில்லை. ஆலைக்காரர்கள் பாதியில் எழுந்து போனார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்க எடுத்த நெகட்டிவ்ல அந்த வெளிச்சம் எங்கேயாவது விழுந்திருக்கா? கொஞ்சம் பாருங்கண்ணே. வீட்டுலகூட என்னை நம்ப மாட்டேங்கறாங்க."

விழுந்திருந்தது. அவன் கண்ணுக்குக் குறுக்கே, நாடா கட்டிய மாதிரி, தெளிவாக.

"மூணு தடவை பார்த்துட்டேன் தம்பி. ஒண்ணும் இல்ல. மனசுல போட்டுக் குழப்பிக்காதே."

அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இருட்டறையில் முடியும். பிரிண்ட் போடும்போது அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டினால் கறுத்துவிடும். அப்படிப் போட்டு அனுப்பிய படத்துக்கு முதல் பரிசு வந்தது. நெகட்டிவைத் துண்டு துண்டாக நறுக்கி அடுப்பில் போட்டேன்.

இது நடந்து இருபத்திரண்டு வருஷம். இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் கிளப்புக்குப் புதுக் கட்டடம் வந்தது. உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் என் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். கீழே பித்தளைத் தகட்டில் 'வெயிலு' என்று எழுத்து. கீப்பர் கமிட்டிக்கு மனு கொடுத்தான். கூட்டத்தில் வந்து நின்றான். தலை நரைத்துவிட்டது, அந்தத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"எம்பொண்ணு இப்போ பெண்கள் அணியில கீப்பர். தினமும் இதைத் தாண்டித்தான் உள்ள போறா. அப்பா பொய் சொன்னாருன்னு பார்த்துக்கிட்டே போறா. படத்தை எடுங்க, இல்லேன்னா வெளிச்சம் பட்டது நிஜம்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கமிட்டியில் ஐந்து பேர். படம் எடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் இரக்கப்பட்டு, "ரோட்டுல போன பஸ் கண்ணாடி ஏதாவது பட்டிருக்கும். அப்படியே எழுதிடலாமே" என்றார்.

மனசாட்சி உறுத்தியது என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த உறுப்பில் கோளாறு வந்ததே இல்லை. நான் கை நோகப் பழகிச் செய்த வேலையை ஒரு பஸ்ஸின் கணக்கில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, கம்பி, முக்காலி, பதினான்கு.

நான்கு பேர் நம்பிவிட்டார்கள். என்னை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாமவர் தலைவர். அவர் கையெழுத்துப் போடாமல் அந்தக் கட்டடத்தில் ஓர் ஆணிகூட அசையாது. அன்றைக்கு நடுவராக நின்றவரும் அவர்தான். அந்த ஆட்டத்தோடு விசிலை விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆனார். ஓட முடியாமல் விட்டார் என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லிவைத்தேன்.

"ஆகாசம் சார், உக்காருங்க. உங்க கதைக்கெல்லாம் தீர்மானம் போட முடியாது. சூரியன் அவன் முதுகுல இருந்துச்சு. நான் மைதானத்துல இருந்தேன். அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

"நடந்துச்சு. செஞ்சவன் நானே சொல்றேன்."

"ஆதாரம் எங்கே?"

"அடுப்புல."

யாரோ சிரித்தார்கள். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் நேர்ந்ததில்லை. ஆயிரம் பொய்யை நம்பின ஜனம், ஒரே ஒரு உண்மைக்குச் சாட்சி கேட்கிறது.

கீப்பர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பான், திட்டுவான், அடிக்கக்கூட வருவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லப் போனால் அதற்கு ஆயத்தமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை நகர்த்துகிற மாதிரி என்னை ஒதுக்கிவிட்டுத் தலைவரின் மேசைக்குப் போனான்.

"சார், அந்தக் கார்னருக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"பெனால்டி பாக்ஸ்ல."

"கார்னர்ல நடுவர் பந்தைப் பார்க்க மாட்டாரு சார். யாரு கீப்பரைத் தள்றான்னுதான் பார்ப்பாரு. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும். நீங்க என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

இருநூறு தலை என்று நான் போட்ட கணக்கில் அந்த ஒரு தலையை விட்டிருந்தேன். இத்தனை வருஷமும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அதுவும் அந்த முட்டாளின் தலை.

தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? கையில் கேமரா இல்லாமல் போய்விட்டதே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"எனக்கு அது முதல் பெரிய மேட்ச் தம்பி" என்றார். "கோல் இல்லேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. வெயில் திரும்பி வந்துச்சுன்னு சொன்னா, உன்னைப் பார்த்துச் சிரிச்ச கூட்டம் என்னையும் பார்த்துச் சிரிக்கும். நடந்துச்சு தம்பி. உன் கண்ணுல வெள்ளையா வந்து நின்னுச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கோல்னு ஊதினேன்."