என் பெயரில் இருந்த கணக்கு

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி உட்காருங்கள். முகவரி கேட்டீர்கள், பூ மட்டும்தான் வரும் என்று கொடுத்துவிட்டேன். நீங்களே இவ்வளவு தூரம் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. வந்தது வந்துவிட்டீர்கள், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

விபத்தில் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, அந்தக் கேம் கன்சோலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கணக்கு தொடங்க அடையாள அட்டை கேட்டார்கள். அவனுடையது விபத்தில் தொலைந்திருந்தது, என்னுடையதைக் கொடுத்தேன். விளையாடுகிறவன் அவன், கணக்கு என் பெயரில். அதை நாங்கள் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பெனியின் விதிகள் உங்களுக்குத் தெரியாததா என்ன. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கும் ஒரே கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் இணையத்தில் போய் அனுமதி வாங்காவிட்டால் ஓடாது. "நம்ம காசுல வாங்கிட்டு, தினமும் அவன் முன்னாடி கைகட்டி நிக்கணுமாண்ணே?" என்று தம்பி பொரிந்து தள்ளுவான். என்னிடம் அவன் மனம்விட்டுப் பேசியது அது ஒன்றைப் பற்றித்தான். மற்றதெல்லாம் இணையத்தில் அவனோடு விளையாடும் உங்கள் கூட்டத்தோடு.

வேலை முடிந்து வந்து, இரண்டு தட்டு எடுத்து வைத்துக் கூப்பிடுவேன். கதவுக்குப் பின்னால் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்பான். "வாத்தி, பின்னால பாரு!" என்பான். நீங்கள்தானே வாத்தி? "இருண்ணே, இதோ வர்றேன்" என்பான். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். தூக்கிக் குளிப்பாட்டுவது நான், சிரிப்பு உங்களுக்கு. கோபமெல்லாம் இல்லை. வலித்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் கணக்கை மூடிவிட்டேன். சுலபம்தான், பெயர் என்னுடையது அல்லவா. அதற்கு முன்பு உங்கள் குழுவுக்கு ஒரு செய்தி எழுதி, என் மின்னஞ்சலையும் போட்டேன். இல்லாவிட்டால் அவனைத் தேடியிருப்பீர்கள்.

தம்பியிடம், கம்பெனிதான் முடக்கிவிட்டது என்றேன். உடனே நம்பினான், அவர்கள் செய்யக்கூடியவர்கள்தானே. உதவி எண்ணுக்குப் போன் போட்டான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவோம் என்றார்கள். போனை என்னிடம் நீட்டினான். மறுமுனையில் வைத்துவிட்ட பிறகும் அவன் கண்முன்னே கெஞ்சிக்கொண்டிருந்தேன். "விடுண்ணே, போயும் போயும் அவனுங்ககிட்டயா கெஞ்சுவ?" என்று அவனே போனைப் பிடுங்கி வைத்தான். புதுக் கணக்கு தொடங்கலாமா என்று கேட்டான். கன்சோலையே தடை செய்துவிட்டார்களாம் என்றேன்.

உங்கள் யாருடைய உண்மைப் பெயரும் அவனுக்குத் தெரியாது. வாத்தி, கொசு, மாமா, அவ்வளவுதான். "ஒருத்தர்கூட என்னைத் தேடலையேண்ணே," என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சொல்வதில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

என் செய்திக்கு நீங்கள் பதில் எழுதியதை நான் பலமுறை படித்தேன். "நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டிருந்தீர்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகவரியைக் கொடுத்தது அந்தச் சந்தோஷத்தில்தான்.

ஆமாம், தம்பி இறந்துவிட்டான் என்று எழுதியது நான்தான். அவன் சாகவில்லை. அதோ, அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறான். குரலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

"யாருண்ணே வந்திருக்காங்க?"

"யாருமில்லடா, நீ படு."

கேட்டீர்களா குரலை? இப்படியே மெதுவாகக் கிளம்புங்கள். நான் உள்ளே போக வேண்டும். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?