முந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர்

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. இருந்தாலும் சார்ஜன்ட் பவாஸ் சீனி போட்டுக் கொடுத்த பிளேன்டீயை நான் மறுக்கவில்லை. வீட்டில் மனைவி சுசீலாதேவி சீனிப் போத்தலை ஒளித்து வைத்துவிடுகிறாள். பொலிஸ் நிலையத்தில் அப்படிக் கவலைப்பட ஆள் இல்லை.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். பவாஸ் நல்ல பிள்ளைதான், ஆனால் எண்களை அவர் காதால் கேட்டு எழுதுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் ஆறுமுகநாதன். ஓய்வுபெற்ற நில அளவை அத்தியட்சகர். அலுவிகாரையில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருக்கிறேன். குரங்குத் தொல்லை ஒழிப்புச் சங்கத்தின் தலைவர். சங்கத்தின் முத்திரையை வரைந்ததும் நான்தான். சங்கம் பதினேழு கூட்டம் நடத்தியிருக்கிறது. குரங்குகள் குறையவில்லை என்று குறை சொல்கிறார்கள். கூட்டக் குறிப்புகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்பதை யாரும் பார்ப்பதில்லை.

பதினேழாவது கூட்டத்தில் நான் ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். என்னிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பொயின்ட் டூ டூ ரைபிள் இருக்கிறது. அதன் தோட்டா சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பார்ப்பவர்கள் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள். வேகமான தோட்டாதான் தூரம் போகும் என்று நினைப்பதும் அதே மாதிரியான அறியாமை. வேகமானது ஒலியின் வேகத்திலிருந்து கீழே இறங்கும்போது தள்ளாடும். ஆரம்பத்திலேயே ஒலியை விட மெதுவாகப் புறப்படுகிற தோட்டா கடைசிவரை நிதானமாகப் போகும். மனிதர்களும் அப்படித்தான் என்று சேர்த்துச் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

முந்நூறு மீற்றரில் அந்தக் குண்டு மூன்று ஆள் உயரம் கீழே விழுந்துவிடும். அதற்கேற்ப மேலே தூக்கிக் குறிவைத்தால் போதும். கணக்குத்தான். கரும்பலகையில் வளைகோட்டை வரைந்து காட்டினேன்.

அப்போதுதான் கலந்தர் ஹாஜியார் சிரித்தார். மிளகு வியாபாரி, சங்கத்தின் உபதலைவர். என் வீட்டுக்கு எதிர்ச்சரிவில்தான் அவருடைய தோட்டம்.

"என்ன சேர், இதுல குருவிகூட சாகாது. அவ்வளவு தூரத்துலருந்து வந்தா நான் கையாலயே புடிச்சு சட்டைப்பையில போட்டுக்குவேன்."

"ஹாஜியார், இதுக்குக் கணக்கு இருக்கு" என்றேன்.

"கணக்கு பலகையில இருக்கு சேர். குரங்கு மரத்துல இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஸப்ரியும் சிரித்தான். அவன் கலந்தரின் தங்கை மகன். உடனே கலந்தர் அவன் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடா பல்லக் காட்டுற? குரங்கச் சுடச் சொல்லி காத்துத் துப்பாக்கி வாங்கிக் குடுத்தா, இவன் அதுகளுக்கு வாழைப்பழம் குடுக்குறான். ஆம்பிளையா நீ?" ஸப்ரியின் முகம் சுருங்கியது. "ஒரு நாளைக்குப் பாருங்க மாமா" என்றான். இந்த நான்கு சொற்களை நாற்பது பேர் கேட்டார்கள். என்னுடைய நாற்பது நிமிட விரிவுரையில் ஒரு வரிகூட யாருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோபத்தில் செய்கிறவன் காற்றைப் பார்ப்பதில்லை. நான் பதினொரு நாள் பார்த்தேன். என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் சீமெந்துத் தட்டிலிருந்து கலந்தர் மிளகு காயப்போடும் தளம்வரை கருவி வைத்து அளந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே அளவு. காலை ஒன்பது மணிக்கு மேல் அவர் மிளகைப் பரப்பிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நிற்பார். தன் மிளகைப் பார்த்துப் பெருமைப்படுவதற்காக. ஒரு மனிதருக்கு அவ்வளவு பெருமை தேவையா என்று எனக்குத் தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் காற்று நின்றிருந்தது. சுற்றுவட்டாரத்தில் குரங்கை விரட்ட ஆளாளுக்கு வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடையது அவற்றோடு ஒன்றாகக் கலந்துவிட்டது.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். நெஞ்சுக்குக் குறிவைத்தேன், கழுத்தில் பட்டது. இதைத் தவறு என்று சொல்லக் கூடாது. அந்தத் தூரத்தில் அந்தத் தோட்டா ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் எங்கேயும் படலாம். வட்டத்துக்குள்தான் பட்டிருக்கிறது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க விரும்பவில்லை. கலந்தரின் மனைவி நூருன்னிஸா உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "முகத்தத் திருப்பிப் பாத்திருக்காரு. தெரிஞ்ச ஆளு யாரோ கூப்பிட்டுத்தான் இருக்காங்க." வைத்தியரும் அதையே எழுதினார். குண்டு பட்ட கோணத்தின்படி இறந்தவர் சுட்டவரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். ஆகவே சுட்டவர் அருகில் நின்று குரல் கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு மத்தியானமே ஸப்ரியைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவனுடைய காற்றுத் துப்பாக்கியும் அதே விட்டம். காற்றுத் துப்பாக்கியின் ஈயம் ஒரு கிராம்கூடத் தேறாது, என்னுடையது இரண்டரைக் கிராமுக்கு மேல் என்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குண்டு எலும்பில் பட்டு நசுங்கிவிட்டதால் அடையாளம் காண முடியவில்லையாம்.

அவர் ஏன் திரும்பினார் என்று நான் சொல்கிறேன். குண்டு ஒலியை விட மெதுவானது. வெடிச்சத்தம் அவரிடம் முதலில் போய்ச் சேர்ந்தது. குண்டு கால் வினாடி கழித்து வந்தது. மற்றவர்களுக்கு அது இன்னொரு குரங்கு வெடி. கலந்தர் என் ரைபிளின் சத்தத்தைப் பலமுறை கேட்டவர். என் வீட்டுப் பக்கம்தான் திரும்பினார். அந்தக் கால் வினாடியில் என் கணக்கை அவர் ஒப்புக்கொண்டார் என்றே நம்புகிறேன். அவர் நியாயமான மனிதர்.

சுசீலாதேவிக்குச் சந்தேகம் வந்தது மூன்றாம் நாள். "அண்டைக்குக் காலமை எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"தண்ணித் தொட்டி பாக்கப் போனனான்."

"துவக்கோடையோ?"

நான் போய் ரைபிள் இருந்த அலுமாரியைப் பூட்டினேன். அன்றிலிருந்து இரவில் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். முப்பத்தாறு வருடத் திருமணத்தில் இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது.

இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று பவாஸ் கேட்டார். வரத்தான் நினைத்தேன். அப்பாவி ஒருவன் அடைபட்டிருக்கும்போது நிம்மதியாகத் தூங்குகிறவன் நான் அல்லன். ஸப்ரியின் தாய் நுஸ்லா என் வாசல் படலையடியில் வந்து நின்று, "சேர், நீங்க படிச்சவங்க, எங்க புள்ளக்காக ஒரு வார்த்த பேசுங்க" என்று அழுதாள். பேசுகிறேன் என்றேன். பத்தொன்பது நாள் போய்விட்டது; சங்கத்துக்குப் புதிய உபதலைவரைத் தெரிவுசெய்யும் வேலையும் இருந்தது.

இன்று காலை நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கையைக் கேட்டேன். "ஏறத்தாழப் பதினைந்து மீற்றர் தூரத்திலிருந்து." பதினைந்து. ஸப்ரிக்குப் பதினைந்து மீற்றரில் ஒரு பலாப்பழத்தைக்கூட அடிக்கத் தெரியாது. அப்படியே எழுந்து இங்கே வந்தேன். பவாஸ் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "வீட்ட போய் ரெஸ்ட் எடுங்க சேர். அவ்வளவு தூரத்துலருந்து அந்தச் சின்னத் தோட்டா என்னா பண்ணும்?" என்றார். கலந்தரும் இதே மாதிரித்தான் சிரித்தார். ஆனால் பவாஸ் இளைஞர். படித்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

ஆகவே எழுதுகிறேன்: கலந்தரைச் சுட்டது நான். சுயநினைவோடு, தெரிந்து, கொல்வதற்காகச் சுட்டேன். ரைபிள் என் அலுமாரியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. வெற்றுத் தோட்டா கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு இருக்கிறது. தொட்டித் தட்டில் அளவைக் கருவியின் முக்காலி நின்ற மூன்று புள்ளிகளையும் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி அளந்து பார்க்கலாம். மழைக்கு முன் அனுப்பினால் நல்லது. மனச்சாட்சி ஒன்றுக்காகவே இதைச் செய்கிறேன்.

அடுத்த தவணையான வியாழக்கிழமை ஸப்ரியை விடுவதா, வைத்திருப்பதா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அதில் நான் தலையிட மாட்டேன். அறிக்கையில் உள்ள அந்தப் பதினைந்தை மட்டும் வெட்டிவிட்டு, எண்ணாலும் எழுத்தாலும் சரியான தூரத்தைப் போடுங்கள்.