குணாளன் காரில் சொன்னது

வா குமுதா, உட்கார். இந்த ஃபேன் சத்தம் போடும், ஆனால் காற்று நன்றாக வரும். பட்டர்வொர்த்திலிருந்து இந்த வெயிலில் ஃபெர்ரி பிடித்து வந்திருக்கிறாய். முதலில் தண்ணீர் குடி.

எங்கள் செயற்குழு இப்ராஹிம் பாய் பசாரில் உன்னிடம் சொன்னது உண்மைதான். எங்கள் தர்ம டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு சிகிச்சை நாற்காலி காலியானபோது, அதை யாருக்குக் கொடுப்பது என்று செயற்குழு கூடிப் பேசியது. "போதும், அலுத்துப்போச்சுன்னு என் தம்பியே சொல்லிட்டான்" என்று அங்கே சொன்னது நான்தான். உன்னையும் மகளையும் விட்டுப் போக உன் புருஷன் மனசார நினைத்தானா என்று கேட்கத்தானே வந்திருக்கிறாய்? விடிய விடிய அழுதிருக்கிறாய், முகத்திலேயே தெரிகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் நன்னெறி வாத்தியார். உயிர்காக்கும் கருவி ஒன்று, நோயாளிகள் இரண்டு பேர், யாருக்குக் கொடுப்பது? தொற்றுக்காலத்தில் பெரிய பெரிய மேதைகள் டிவியில் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, அதையெல்லாம் நான் வகுப்பில் எப்போதோ வாதாட விட்டுவிட்டேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அதுல ஒருத்தர் ஒங்க தம்பின்னா என்னா சார் செய்வீங்க?" தம்பியானாலும் யாரானாலும் நியாயம் ஒன்றுதான் என்றேன். வகுப்பே கைதட்டியது. அந்தப் பெண் இப்போது டாக்டர். அன்றைக்குக் கூட்டத்தில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

வேலை பார்த்த மாக் மண்டின் தொழிற்சாலையை மூடியதிலிருந்து குணாளனால் பணம் கட்டித் தனியார் நிலையத்துக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். நாற்காலி கேட்ட இன்னொருத்தி தாசேக் கெலுகோரில் இருக்கும் தனலெட்சுமி. அவளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்னும் டயாலிசிஸ் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எங்களிடமும் அடுத்த மாதமே வேறொரு நாற்காலி வருவதாக இருந்தது. ஆக, யாரும் யாருக்காகவும் சாக வேண்டிய அவசியமே இல்லை. இது எனக்கும் தெரியும்.

இப்ராஹிம் பாய் நல்ல மனுஷர். "சார், சொந்தக்காரங்க விஷயம். நீங்க கொஞ்ச நேரம் வெளிய ஒக்காருங்க லா, நாங்க பேசி முடிச்சிடுறோம்" என்றார். எழுந்து போயிருந்தால் போதும், குணாளனுக்குக் கிடைத்திருக்கும். நான் எழவில்லை. வாத்தியார் நைசாகத் தம்பிக்கு வழிவிட்டுப் போய்விட்டார் என்று நாலு பேர் பேசுவார்களே என்று நினைத்தேன். தனலெட்சுமிக்குக் கொடுங்கள் என்றேன். அப்போதும் அவர்கள் தயங்கினார்கள். அதன் பிறகுதான் அவன் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அந்த டாக்டர் பெண் கண் கலங்கி, "சார், ஒங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல" என்றாள். பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

சரி, அவன் என்ன சொன்னான் என்பதற்கு வருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள், சிகிச்சை முடிந்து அவனைக் காரில் கூட்டி வந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவன், "போதும்ணே, அலுத்துப்போச்சு" என்றான். கொஞ்ச தூரம் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணே, காடிய ஓரங்கட்டுங்க. ஐஸ் போட்ட செண்டோல் ஒரு வாய் குடிச்சிட்டுப் போவோம். குமுதாகிட்ட மாட்டிவிட்றாதீங்க, தண்ணியே அளந்துதான் குடிக்கணும்னு கொன்னே போட்ருவா" என்று சிரித்தான். நாலே நாலு கரண்டிதான். பனிக்கட்டியை நாக்கில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கண்ணைச் சுருக்கினான். "பாப்பா பட்டம் வாங்குறத பாக்காம போயிடுவேனா? என்னா நெனச்சீங்க என்னய?" என்றான்.

கேட்டுக்கொள் குமுதா. அவன் வாழத்தான் ஆசைப்பட்டான். உன்னோடுதான்.

இதையெல்லாம் ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அவனுக்குக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்த நாற்காலி வருவதற்குள் அவன் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. கடைசி நாள் நீ மகளை அழைத்து வரக் கீழே போயிருந்தாய். வார்டில் நானும் அவனும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சுக்குத் தவித்தான், பார்க்கச் சகிக்கவில்லை. "அண்ணே, நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்க. அவங்கதான் கேட்டிருக்க மாட்டாங்க. மனசுல வச்சுக்கிட்டு வருத்தப்படாதீங்க" என்றான்.

"ஆமாடா, எவ்வளவோ பேசிப் பாத்தேன்" என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. நீங்கள் மேலே வரும்வரை என் கையை விடவே இல்லை.

அழாதே, அம்மா. சோற்றில் கை வைத்தால் அவன் பிடித்த பிடிதான் தெரிகிறது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சாகக் கிடந்த தம்பியிடம் "ஆமா" என்று சொன்னேன் பார், அது ஒன்றுதான் குமுதா நான் அவனுக்குச் செய்த தவறு.