மதுரையிலயிருந்து ஒன்னே கால் மணி நேரம்

குண்டெல்லாம் இல்லய்யா, வெடி மருந்து. கையில துணியத் தடவி மிசின்ல வச்சீகளே, அது கத்தத்தான் செய்யும். நாப்பது வருசமாப் பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற கை. நாலு தடவ சோப்புப் போட்டுத்தேன் வந்தேன். நகக்கண்ணுல இருக்கிறது போமாட்டேங்குது, நான் என்ன செய்ய?

பேரு செல்லப்பாண்டி. ஊரு விஸ்வநத்தம். வயசு அறுவத்தாறு. ஏரோப்ளேனுக்கு இதான் மொதத் தடவ. அந்தத் துப்பாக்கிக்காரரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கய்யா.

இங்கயிருந்து மெட்ராசுக்கு ஒன்னே கால் மணி நேரம்ங்கிறாக, நெசந்தானா? ஏறி உக்காருறதும் அதுல சேர்த்தியா? எங்க ஊர்லயிருந்து பஸ்ஸுன்னா ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல, பத்து மணி நேரம் ஆயிரும். மூணு மணிக்கு என் தம்பி செந்தூர்பாண்டிக்கு மூச்சு மிசின எடுத்துருவாக. அவன் மக கற்பகவல்லி விடியக்காலம் போன் பண்ணுச்சு. இதுக்கு மேல வைக்க முடியாதாம் பெரியப்பா, வாங்கன்னுச்சு. டிக்கெட்டும் அதுவே போட்டுச்சு. பன்னெண்டு பத்துக்கு ப்ளேன். இப்ப மணி என்னய்யா?

பாசமா? நீங்க ஒன்னு. பதினாறு வருசமா அவங்கூடப் பேச்சு இல்ல. ரெண்டு பேரும் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரே கம்பெனியிலதேன் இருந்தோம். தீபாவளி சீசன்ல எங்க ரூம் வெடிச்சிருச்சு. அவன் பொஞ்சாதி ஆவுடைத்தாய் உள்ளயே போயிட்டா. இவன் தண்ணி எடுக்கப் போனவன், தப்பிச்சுக்கிட்டான். மருந்துத் தட்டத் தரையில உரசி இழுத்துட்டுப் போயிருக்கான், அதான் பத்திக்கிச்சுன்னு நான் போலீசுல சொன்னேன். ஊரே சொல்லுச்சு. பொஞ்சாதியக் கொன்னவன்னு ஒருத்தனும் வீட்டு விசேசத்துக்குக் கூப்பிடல. புள்ளையத் தூக்கிட்டு மெட்ராசுக்குப் போயிட்டான்.

இன்னைக்கும் அவன் மேல எனக்கு ஆத்திரந்தேன். ஒரு வார்த்த மறுத்துப் பேசல பாத்துக்கோங்க. என் சட்டையப் பிடிச்சு ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல? குனிஞ்ச தல நிமிராமப் போறான். பாவிப்பய.

மிச்ச மருந்தா? பையிலயா? கொட்டிப் பாருங்க, ஒரு வேட்டி, ஒரு சட்ட, அம்புட்டுத்தேன். கலந்த மருந்த எவனும் மிச்சம் வைக்க மாட்டான்யா. அன்னைக்கே தீத்துறணும். மிஞ்சுனா தண்ணியில கரைச்சுக் கொட்டிறணும். மூடி வச்சா உள்ளயே சூடாகிக்கிட்டுக் கெடக்கும். மறுநா கதவத் தெறக்கிற ஆளு போச்சு.

நான் ஒரே ஒரு தடவ வச்சேன். ரெண்டு கிலோவ வீணாக்குனா போர்மேன் ஏசுவான்னு சாக்கப் போட்டு மூடிட்டேன். சாயங்காலம் சைக்கிள் எடுக்கயில தம்பி கேட்டான், மிச்சத்தக் கொட்டிட்டியாண்ணேன்னு. கொட்டிட்டேன்னேன். அத நம்பித்தேன் மறுநா பொஞ்சாதிய உள்ள விட்டுட்டுத் தண்ணிக்குப் போனான்.

எழுதிக்கோங்க. திரும்பி வரயில பிடிச்சுக்கூட வச்சுக்கோங்க, எங்கயும் ஓடிற மாட்டேன். மூணு மணிக்குள்ள அவன் காதுல இதச் சொல்லிறணும், அவனுக்குத் தெரிஞ்சதுதேன், இருந்தாலும் என் வாயால சொல்லணும். பக்கத்துல அவன் மக இருப்பா. இருக்கட்டும்.